வரமும் வரம்பும்: மந்திரப் பொருள்களைச் சமன்செய்தல் பற்றிச் சில குறிப்புகள்

அரியக்குடியில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் நாங்கள் ஆறு பேர் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து விளையாடுகிறோம். சீட்டு இல்லை, கேரம் இல்லை. பென்சில், கோடு போட்ட தாள், இருபது முகம் உள்ள ஒரு பகடை, இவ்வளவுதான். ஒருவர் கதை சொல்கிறார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு பாத்திரமாகி 'நான் இதைச் செய்கிறேன்' என்கிறார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்று பெயர். அமெரிக்காவில் 1974-இல் வெளிவந்தது. என் அக்கா மகன் மூலமாக எங்கள் திண்ணைக்கு வந்து சேர இவ்வளவு காலம் பிடித்திருக்கிறது. கதை சொல்கிறவன் நான். தமிழ் எம்.ஏ. படித்ததற்கு ஊரில் எனக்குக் கிடைத்த ஒரே பதவி இதுதான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதைக் கேள்விப்பட்ட தோழர் ஒருவர், குட்டி பூர்ஷ்வா பொழுதுபோக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். இருக்கட்டும். பொழுதுபோக்குகளில்தான் கருத்தியல் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். விதி, நியாயம், சமம் ஆகிய சொற்களை நீதிமன்றத்தில் பேசுவதைவிடத் திண்ணையில் நாம் வெளிப்படையாகவே பேசுகிறோம்.

இந்தக் குறிப்புகளை எழுத நேர்ந்தது ஒரு பிச்சைப் பாத்திரத்தால்.

அச்சிட்ட புத்தகத்தில் வரும் டிராகனும் கோட்டையும் எங்களுக்கு ஒட்டவில்லை. ஆகவே நானே ஒரு களத்தை எழுதினேன்: மழை பொய்த்த பாண்டிய நாடு, பன்னிரண்டு வருஷப் பஞ்சம், புகாருக்கும் மதுரைக்கும் இடையே நடந்துபோகும் ஒரு சிறு கூட்டம். இப்படி ஆடுகிறவர்கள் தாங்களே செய்துகொள்வதற்கு வீட்டில் வடித்த சரக்கு என்று பொருள்படும் ஹோம்ப்ரூ என்ற சொல்லைத்தான் உலகமெங்கும் பயன்படுத்துகிறார்கள். பேருந்து நடத்துனர் ஒருவர் கொள்ளைக்காரனாக வந்தார். தனியார் பள்ளியில் ஆங்கிலம் சொல்லித்தரும் நண்பர், நாடு இழந்த சிற்றரசன். அக்கா மகன் பௌத்த பிக்கு, அவனுடைய சிநேகிதன் வணிகச் சாத்தின் காவல்காரன். ஆத்தங்குடிக் கல் பட்டறையில் வேலை பார்க்கும் ஒரு பெண் பஞ்சம் பிழைக்கத் தெரிந்த கிழவியாக வந்தாள். எந்தக் கிழங்கைத் தோண்டலாம், எறும்புப் புற்றில் எவ்வளவு தானியம் கிடைக்கும், எந்த ஊரில் எந்த வாசலில் எந்த நேரத்தில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கிழவிக்குத் தெரியும். வாள் இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் மூன்று மாதம் அந்த ஆட்டத்தை நடத்தியது கிழவிதான். ஒவ்வொரு நாளும் ஆளுக்கு எத்தனை கவளம் என்று எண்ணித்தான் நடந்தோம்.

நாலாவது மாதம் நான் பிக்குவின் கையில் அமுதசுரபியைக் கொடுத்தேன். சாத்தனார் எனக்குப் பிடித்தமானவர். அந்தப் பாத்திரத்தை மேசைக்குக் கொண்டுவராமல் இருக்க என்னால் முடியவில்லை. எடுக்க எடுக்கக் குறையாது என்று ஒரே ஒரு வரிதான் தாளில் எழுதினேன். எல்லோரும் கை தட்டினார்கள். அடுத்த ஞாயிறு பசி என்ற ஒன்றே கதையில் இல்லை. கிழவிக்கு வேலை இல்லை. அந்தப் பெண் ஒருமணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு பென்சிலைத் தாளின் மேல் வைத்தாள். "அப்ப இனிமே நான் எதுக்குண்ணே வர்றது?" என்றாள்.

பாத்திரம் பாத்திரத்தை விழுங்கிவிட்டது. நான் செய்தது.

*

இதற்கு அந்த விளையாட்டின் வரலாற்றில் ஒரு பெயர் உண்டு: சமநிலை குலைதல். சமநிலை என்ற சொல்லே எங்கிருந்து வந்தது என்று தேடினால் ராணுவத்துக்குத்தான் போய் நிற்க வேண்டியிருக்கிறது. பிரஷ்யாவில் ரைஸ்விட்ஸ் என்ற தந்தை தொடங்கிய போர் விளையாட்டை அவருடைய மகனான ராணுவ அதிகாரி 1824-இல் விதிப்புத்தகமாக்கினார். இரு தரப்புக்கும் நடுவே ஒரு நடுவர், பகடை, இழப்பு அட்டவணைகள். அட்டவணைகள் பெருகிப் பெருகி ஆட்டம் நகராமல் போனபோது, 1876-இல் வெர்டி து வெர்நுவா என்ற தளபதி, புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள், அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பே போதும் என்றார். விதியா, நடுவரா? அந்த வழக்கு இன்றுவரை தீரவில்லை.

1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் இந்தப் போர் விளையாட்டைக் கொஞ்சம் திருப்பிப் போட்டார். படைகளை ஆட்டுவதற்குப் பதில் ஆளுக்கொரு மனிதன், ஆளுக்கொரு நோக்கம். அவருடைய கூட்டாளி டேவ் ஆர்னசன் அதை நிலவறைகளும் பூதங்களும் உள்ள பிளாக்மூர் என்ற களமாக வளர்த்தார். விஸ்கான்சினில் லேக் ஜெனீவா என்ற சிற்றூரில் இருந்த கேரி கைகாக்ஸ் அதை விதிகளாக எழுதினார். மூன்று சிறு புத்தகங்கள் கொண்ட பெட்டி, முதல் பதிப்பு ஆயிரம் பிரதி. கடைசிப் புத்தகத்தின் முடிவில், உங்களுக்கு வேண்டியதை நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள் என்ற தொனியில் வாசகனை அனுப்பிவைத்தார்கள். அப்படியொரு அனுமதியோடு முடிகிற சட்டப் புத்தகம் வேறு எதையும் நான் பார்த்ததில்லை.

வாசகர்கள் அதை நம்பிவிட்டார்கள். நாடு முழுக்க வாளும் மோதிரமும் வடிக்கத் தொடங்கினார்கள். இரண்டு வருஷத்துக்குள்ளாகவே புகார் எழுந்தது: சில நடுவர்கள் பரிசுகளை அள்ளி வீசுகிறார்கள், ஆட்டக்காரர்கள் தேவர்களையே அடித்துப் போடுகிறார்கள். பரிசு கொடுக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றை நடத்திய மாண்டி ஹால் என்பவரின் பெயரை வைத்துக் கிண்டல் செய்தார்கள். (இதே வேகத்தில் 1980-இல் இன்னொரு புத்தகம் வந்தது. அதில் நம்முடைய இந்திரனுக்கும் யமனுக்கும் விஷ்ணுவுக்கும்கூட எவ்வளவு அடி தாங்குவார்கள் என்று எண் போட்டிருந்தார்கள். கீழைத்தேயவாதம் பற்றி எட்வர்ட் சையதின் நூல் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. லேக் ஜெனீவாவில் யாரும் படித்திருக்க மாட்டார்கள்.)

பொருளைக் கட்டுப்படுத்த ஆரம்பகாலத்தில் கையாண்ட வழிகள்தான் எனக்குச் சுவாரஸ்யமானவை. 1974-இன் மந்திர வாள்களுக்கு அறிவும் அகந்தையும் உண்டு. பிடித்தவனைவிட வாளின் அகந்தை பெரிதாக இருந்தால் வாள் அவனை ஆட்டிவைக்கும். 1976-இல் வெக்னா என்ற மந்திரவாதியின் கையும் கண்ணும் வந்தன. அந்தக் கண்ணைப் பயன்படுத்த வேண்டுமானால் உங்கள் கண்ணைப் பிடுங்கிப்போட்டுவிட்டு அந்த இடத்தில் அதை வைக்க வேண்டும். கண்ணப்பனைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது புதிதில்லை, கொடுக்கல் வாங்கல் திசைதான் தலைகீழ். 1979-இல் வந்த நடுவர் கையேட்டில் இப்படிப்பட்ட பெரும் பொருள்களின் வர்ணனைக்குக் கீழே வெற்றுக் கோடுகளை அச்சிட்டிருந்தார்கள். பொருளின் சக்தி என்ன, அதன் கேடு என்ன என்பதை நடுவரே தேர்ந்து எழுதிக்கொள்ள வேண்டும். பிரதியின் மௌனங்கள் பற்றி நாம் இந்தப் பக்கங்களில் எவ்வளவோ எழுதியிருக்கிறோம். மௌனத்தை இப்படிக் கோடு போட்டு விற்ற பிரதி இது ஒன்றுதான்.

பிறகு கணக்கு வந்தது. 2000-இல் வெளிவந்த மூன்றாம் பதிப்பில் எல்லாவற்றுக்கும் விலை. ஆயுதத்தின் கூடுதல் பலத்தை வர்க்கப்படுத்தி 2000 பொற்காசால் பெருக்க வேண்டும். ஒன்று கூடினால் 2000, இரண்டு கூடினால் 8000, மூன்றுக்கு 18000, ஐந்துக்கு 50000. வட்டிக்கு வட்டி போட்டு வளர்ந்த வட்டாரத்தில் பிறந்தவன் என்பதால் இந்தச் சூத்திரம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. ஆனால் ஓட்டையும் உடனே தெரிந்தது. அடுத்த அடி ஒன்றுக்கு மட்டும் குறியை இருபது கூட்டித் தரும் ஒரு முதல்நிலை மந்திரம் உண்டு. அதை ஒரு பொருளில் நிரந்தரமாகப் பதிக்க, மந்திரத்துக்கான இன்னொரு சூத்திரப்படி சில ஆயிரம் காசுதான் ஆகும். பலத்தை வர்க்கப்படுத்தும் சூத்திரப்படி பார்த்தால் எட்டு லட்சம். இரண்டும் ஒரே புத்தகத்தில்தான் இருக்கின்றன. இரணியன் வாங்கிய வரத்தில் நரசிம்மம் நுழைந்த இடைவெளி இந்த வகைதான். அங்கே ஓட்டையைக் கண்டுபிடித்தவர் நடுவர், இங்கே ஆட்டக்காரர்.

2014-இன் ஐந்தாம் பதிப்பு விலையைக் கைவிட்டு அரிது, மிக அரிது என்று தரம் பிரித்தது. கூடுதல் பலம் பெரும்பாலும் மூன்றோடு நின்றுவிடும். வலிய பொருள்களோடு ஆட்டக்காரன் ஒரு மணி நேரம் தனித்திருந்து தன்னைப் பிணைத்துக்கொள்ள வேண்டும், அப்படி மூன்று பொருளுக்கு மேல் கூடாது. வீட்டில் வடிப்பவர்களுக்கென்று ஒரு அட்டவணையும் கொடுத்தார்கள். புத்திசாலித்தனமான ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் என் அமுதசுரபியை அந்த அட்டவணையில் எங்கே வைப்பது? அது எந்த எண்ணையும் கூட்டவில்லை, யாரையும் அடிக்கவில்லை. கதையில் இருந்த ஒரு கேள்வியை மட்டும் அழித்துவிட்டது. இதே பதிப்பில் ஒரு நாளைப் பசியை ஆற்றும் பழங்கள் பத்தைத் தரும் முதல்நிலை மந்திரம் ஒன்று இருக்கிறது. பஞ்சக் கதை ஆடும் எல்லா மேசைகளிலும் அது இதே நாசத்தைச் செய்கிறது. எண்ணைக் கூட்டும் பொருள் கணக்கைத்தான் கெடுக்கும். பகையின் பலத்தையும் இரண்டு கூட்டினால் சரியாகிவிடும். ஒரு வகைச் சிக்கலையே இல்லாமல் ஆக்கும் பொருள், பசி, இருட்டு, தூரம், நோய் என்று எதைத் தீர்த்தாலும், அந்தச் சிக்கலை வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்த சக ஆட்டக்காரனின் வாயை அடைக்கிறது. பூதத்துக்கு ஒன்றும் நஷ்டமில்லை, பூதத்தை ஓட்டுகிறவன் நான்தானே. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளுக்குத்தான் நஷ்டம்.

*

சமநிலை என்ற சொல்லை இவ்வளவு நேரம் நான் நல்ல சொல்லாகவே பயன்படுத்தி வந்தேன். அது அவ்வளவு நல்ல சொல் இல்லை.

1978-இல் வந்த ஆட்டக்காரர் கையேட்டில் மனிதரல்லாத இனங்களுக்கு, குள்ளருக்கும் எல்ஃப் என்ற வனத்தாருக்கும் பிறருக்கும், பெரும்பாலான தொழில்களில் உச்சவரம்பு இருந்தது. எவ்வளவு ஆடினாலும் குறிப்பிட்ட நிலைக்கு மேல் வளர முடியாது. மனிதனுக்கு வரம்பு கிடையாது. புனித வீரன் என்ற தொழில் மனிதனுக்கு மட்டும். தலைசிறந்த புனித வாள் அந்தப் புனித வீரன் கையில் மட்டும்தான் முழு வலிமையோடு வேலை செய்யும். பெண் பாத்திரங்களின் உடல் வலிமைக்குத் தனி உச்சவரம்பு. ஏன் என்று கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்களில் முக்கியமானது: சமநிலை. மற்ற இனங்களுக்குப் பிறப்பிலேயே இருட்டில் பார்க்கும் கண்ணும் பிறவும் இருக்கின்றனவாம், வரம்பு இல்லாவிட்டால் மனிதனாக ஆட யாரும் முன்வர மாட்டார்களாம். பெண்களுக்கான வரம்பு 1989-இன் இரண்டாம் பதிப்பில் போயிற்று. இனத்துக்கான வரம்பு 2000-இல்தான் போயிற்று. இனம் என்ற சொல்லையே 2024-இன் புத்தகத்தில்தான் எடுத்தார்கள். இருபத்திரண்டு வருஷம் பிறப்புக்கு ஒரு வரம்பு, அதற்கு நியாயம் சமநிலை. இடஒதுக்கீடு பற்றி எங்கள் தெருமுனையில் பேசப்படும் பேச்சை நினைவில் வைத்துக்கொண்டு இதை மறுபடி வாசிக்கலாம்.

நம்முடைய பெரும் பிரதியில் இது இன்னும் அப்பட்டமாக இருக்கிறது. கர்ணனிடம் இருந்த மந்திரப் பொருள்களை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்போடு பிறந்த கவசமும் குண்டலமும். அதை இந்திரன் பிராமண வேஷத்தில் வந்து கேட்டு வாங்கிக்கொண்டான். மாற்றாகக் கொடுத்த சக்தி ஆயுதத்தை ஒரே ஒரு முறைதான் எறியலாம். பரசுராமரிடம் கற்ற மந்திரமோ, பிராமணன் என்று பொய் சொல்லிக் கற்றதால், தேவைப்படும்போது மறந்துபோகும். ஆட்ட வடிவமைப்பின் மொழியில் பார்த்தால் மூன்றுமே நல்ல கட்டுப்பாடுகள்: நீக்கம், ஒரு முறை உபயோகம், நிபந்தனைச் சாபம். வீட்டில் பொருள் வடிக்கிறவர்கள் இன்றைக்கும் இந்த மூன்றைத்தான் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். ஆனால் இவை ஏன் கர்ணன் மேல் மட்டும் வந்து விழுகின்றன? அர்ஜுனனின் காண்டீவத்துக்கு ஏன் ஒரு நாளைக்கு இத்தனை அம்பு என்ற கணக்கு இல்லை? அந்த ஒரு முறை எறியும் சக்தியும் அர்ஜுனன் மேல் போகாமல் அரக்கியின் மகன் கடோத்கசன் மேல் போய்ச் செலவாகிறது, கிருஷ்ணன் மகிழ்கிறான். ஏகலைவன் விஷயத்தில் மந்திரப் பொருள்கூடக் கிடையாது. அவனுடைய கை மட்டும்தான் இருந்தது. உன்னைவிடச் சிறந்த வில்லாளி இருக்க மாட்டான் என்று துரோணர் ஒருவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார், அந்த வாக்கைச் சமன்செய்ய ஒரு கட்டைவிரல். எல்லா வரம்புகளையும் ஒரே பக்கத்தில் அடுக்கிவைத்துவிட்டு மறுபக்கத்துக்குத் தர்மம் என்று பெயர் வைக்கும் நடுவரிடம் நாம் ஆடிக்கொண்டிருக்கிறோம்.

இதில் எனக்கு ஒரு சொந்தக் கணக்கும் இருக்கிறது. என் அம்மா ஒரு வீட்டில் சமையலுக்கு உதவியாக இருந்தார். பெரிய வளவு, ஆள் குறைவு. மத்தியானம் அந்த வீட்டு ஆச்சிக்குத் தூக்கம் வராவிட்டால் அம்மாவைக் கூப்பிட்டுப் பல்லாங்குழி ஆடுவார். பித்தளைப் பல்லாங்குழி, பதினாலு குழி, குழிக்கு ஐந்து சோழி. நான் தூணில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பேன். குழியில் நாலு சேர்ந்தால் பசு, உடையவர் எடுத்துக்கொள்வார். தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் குழியை நிரப்பச் சோழி இல்லாமல் திண்டாடுவார். எங்கள் தெருவில் அப்போது ஒரு ஏற்பாடு உண்டு. கையில் இருக்கும் ஒன்றிரண்டு சோழியை குழிக்கு ஒன்றாக இட்டு, ஜெயித்தவரும் தன் பக்கம் அப்படியே குழிக்கு ஒன்றாக இட்டு ஆட வேண்டும். கஞ்சி காய்ச்சுவது என்று பெயர். தோற்றவள் எழுந்து போய்விடாமல் ஆட்டத்தில் வைத்திருப்பதற்கான விதி அது. ஆச்சி வீட்டில் கஞ்சி காய்ச்சுவது கிடையாது. "எங்க வீட்டு முறை அப்படி இல்லடி" என்பார். அம்மா சிரித்துக்கொண்டே சோழியைப் பையில் அள்ளிப் போடுவார். ஆச்சி கெட்டவர் இல்லை, எனக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கித் தந்தவர். ஆனால் வீட்டு முறை என்பது எந்த வீட்டின் முறை என்று நான் முதலில் கேட்டுக்கொண்டது அந்தத் தூணடியில்தான்.

தொ. பரமசிவன் 'அறியப்படாத தமிழகம்' நூலில் பல்லாங்குழியைப் பற்றி எழுதியிருப்பதை இந்த இதழின் வாசகர்கள் அறிவார்கள். சமமாகத் தொடங்கி ஒருவர் கையில் குவிந்து முடியும் அந்த ஆட்டத்தில், பொதுவுடைமை குலைந்து தனியுடைமை பிறந்ததன் நினைவை அவர் கண்டார். 1997-இல் அதைப் படித்தவர்களுக்கு அது ஒரு திறப்பு. நான் கல்லூரியில் பிந்திப் படித்தேன், எனக்கும் அப்படித்தான். இப்போது ஒன்றைச் சேர்க்கத் தோன்றுகிறது. அவர் ஆட்டத்தின் விதியைப் படித்தார். விதியின் ஓரத்தில் பெண்கள் ஒட்டவைத்த ஒட்டுகளில் வேறொரு நினைவும் இருக்கிறது. கஞ்சி காய்ச்சும் விதி யாரோ ஒருத்தி வீட்டில் வடித்ததுதான். எந்தப் புத்தகமும் அவளுக்கு அனுமதி தரவில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் இன்றைக்குப் பித்தளைப் பல்லாங்குழி விலைக்குக் கிடைக்கிறது. ஒட்டுகள் அதோடு வருவதில்லை.

*

அமுதசுரபிக்குத் திரும்புவோம். முதலில் நான் புத்தகம் சொன்ன வழிகளைத்தான் முயன்றேன். ஒரு நாளைக்கு மூன்று முறை மட்டும், பகடை போட்டு எத்தனை பேருக்கு என்று பார்ப்பது: இரண்டு வாரத்தில் அது ரேஷன் கடையாகிவிட்டது, நடத்துனர் கார்டு கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தார். அடுத்து ஒரு சாபம் வைத்தேன், உண்பவர்களுக்கு ஒரு நாள் பேச்சு வராது. யாரும் பேசாத கதையாட்டத்தை நடத்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்த அவஸ்தை தெரியும். கடைசியில் பாத்திரத்தைக் கொள்ளையடிக்க ஒரு கூட்டத்தை அனுப்பினேன். அப்போது அக்கா மகன் கேட்டான்: "மாமா, குடுத்துட்டு நீங்களே புடுங்குறீங்களா?" துரோணர் ஞாபகம் வந்துவிட்டது. கூட்டத்தைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

அப்புறம்தான் சாத்தனாரை எடுத்து வைத்துக்கொண்டு படித்தேன், பொருளின் விதிகளை மட்டும் பென்சிலால் கோடிட்டுக்கொண்டு. உ.வே.சா. 1898-இல் பதிப்பித்த காப்பியத்தை ஒரு விளையாட்டுக் கையேடாக இதற்கு முன் யாரும் படித்திருக்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன், பாவம்தான். ஆனால் அப்படிப் படித்தால் சாத்தனார் அசல் வடிவமைப்பாளர் என்று தெரிகிறது. மதுரையில் ஆபுத்திரன் கையில் சிந்தாதேவி கொடுத்த பாத்திரம் எடுக்கக் குறையாதது, உண்மை. ஆபுத்திரன் வேள்விப் பசுவை அவிழ்த்துவிட்டதற்காக அந்தணர்களால் விரட்டப்பட்டவன், பிறப்பைச் சொல்லி இழிக்கப்பட்டவன். அவனை மட்டம் தட்ட நினைத்த இந்திரன் என்ன செய்கிறான்? கர்ணனிடம் செய்ததுபோலப் பொருளைப் பிடுங்கவில்லை. மழையைக் கொடுத்துவிடுகிறான். நாடு செழிக்கிறது, பசித்தவர் யாரும் இல்லை, பாத்திரத்துக்கு வேலை இல்லை. பொருளைத் தொடாமல் பொருளின் தேவையை எடுத்துவிடும் இந்த உத்தி நான் பார்த்த எந்தக் கையேட்டிலும் இல்லை. சாவகத்தில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறியவன் மணிபல்லவத்தில் தவறவிடப்படுகிறான். ஆளில்லாத தீவு. பலரை ஊட்டிய பாத்திரத்தால் தன் ஒருவன் உயிரை ஓம்ப அவனுக்கு மனமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை வெளிப்படு என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினி கிடந்து சாகிறான். பின்னால் மணிமேகலை கைக்கு வந்தபோதும் பாத்திரம் தானாகச் சுரந்துவிடவில்லை. முதல் பிச்சையை ஆதிரை இட வேண்டியிருந்தது.

மூன்று நிபந்தனைகள், மூன்றும் பொருளுக்கு உள்ளேயே இருக்கின்றன: எதிரில் பசித்தவர் இருக்க வேண்டும், வைத்திருப்பவருக்கு மட்டும் என்றால் பயனில்லை, முதல் கவளம் இன்னொருவர் கையிலிருந்து வர வேண்டும். எண் எதுவும் இல்லை. இதைத் தாளில் எழுதிக் கொண்டுபோய்த் திண்ணையில் வைத்தேன், கொஞ்சம் கர்வத்தோடுதான்.

பட்டறைப் பெண் வாசித்துவிட்டுக் கேட்டாள். "இந்த ஆதிரைங்கிறது யாரு?"

சொன்னேன். கணவன் இறந்தான் என்று கேட்டுத் தீயில் இறங்கியவள், தீ சுடாத பத்தினி.

"பத்தினி சோறு போட்டாத்தான் சுரக்குமா? பட்டறையில ஒரு அக்கா இருக்கு. புருஷன் விட்டுட்டுப் போயிருச்சு. ஊர் என்னென்னமோ பேசும். மத்தியானம் சோறு பத்தலைன்னா எல்லாருக்கும் அதுதான் குடுக்கும். அந்த அக்கா போட்டா சுரக்காதா?"

ஆங்கில ஆசிரியர், அது காப்பியத்தின் காலம், காலத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று தொடங்கினார். எனக்கும் அந்தப் பதில்தான் நாக்கு நுனியில் இருந்தது, எம்.ஏ. வகுப்பில் எழுதி மதிப்பெண் வாங்கிய பதில். நடத்துனர்தான் பென்சிலை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் பத்தினி என்பதை அடித்துவிட்டு 'அன்றைக்கு உழைத்துத் தேடியவர்' என்று எழுதினாள். அதாவது, ஒவ்வொரு நாளும் கூட்டத்தில் யாராவது ஒருவர் வெளியே போய், தோண்டியோ கேட்டோ வேலை செய்தோ ஒரு கைப்பிடி உணவைத் தேடி வந்து இட வேண்டும். அப்போதுதான் அன்றைக்குப் பாத்திரம் சுரக்கும். தேடிக் கிடைக்கவில்லையானால் அன்றைக்கு வெறும் ஓடு. பிக்கு தானே தேடித் தானே இட்டுக்கொள்ள முடியாது.

கிழவிக்கு வேலை திரும்பி வந்தது. முன்பு ஆறு பேர் சோற்றுக்கு அலைந்தவள் இப்போது ஊர்ச் சோற்றுக்கு அலைகிறாள். ஒரு கைப்பிடிதான் வேண்டும், ஆனால் அது வராவிட்டால் மண்டபத்தில் காத்திருக்கும் இருநூறு பேரும் பட்டினி. பகடை உருளும்போது எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். பலம் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று எந்த அட்டவணையாலும் சொல்ல முடியாது.

இது முழுச் சமநிலை ஆகிவிட்டதா என்று கேட்டால், இல்லை. காவல்காரனாக ஆடும் பையன் இப்போது முனகத் தொடங்கியிருக்கிறான். கூட்டம் பெருகிவிட்டதால் சண்டையே வருவதில்லையாம். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் ஊர் ராமானுஜ ஐயங்கார் (1890–1967) கச்சேரிக்கு ஒரு வரிசையும் அளவும் போட்டுக் கொடுத்தார் என்பார்கள். ஒரு ராகமே இரவெல்லாம் ஓடாமல், பல உருப்படிகள், தனி ஆவர்த்தனத்துக்கு ஓர் இடம், பிற்பாதியில் துக்கடாக்கள். அந்த அளவு இன்றைக்கும் நிற்கிறது, ஆனால் மிருதங்கக்காரர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள்.

*

அச்சுப் புத்தகத்தின் கதையையும் முடித்துவிடுகிறேன். உங்களுக்கு வேண்டியதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்று 1974-இல் சொன்னவர்களே சில வருஷத்தில், எங்கள் விதியை மாற்றி ஆடினால் அது எங்கள் ஆட்டம் ஆகாது என்று பேசத் தொடங்கினார்கள். கூட்டாகப் படைத்த ஆர்னசன் பங்குத்தொகைக்காக 1979-இல் வழக்குப் போட வேண்டியிருந்தது. 1997-இல் கம்பெனி விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் கைக்குப் போயிற்று, 1999-இல் அதையும் பொம்மை வியாபாரி ஹாஸ்ப்ரோ வாங்கியது. 2000-இல் ஒரு திறந்த உரிமம் கொடுத்தார்கள், அடிப்படை விதிகளை வைத்து யாரும் எழுதலாம், விற்கலாம். வீட்டில் வடித்தவர்கள் அதை நம்பிச் சிறு பதிப்பகங்கள் நடத்தினார்கள். 2023 ஜனவரி தொடக்கத்தில் அந்த உரிமத்தைத் திருத்தும் வரைவு கசிந்தது. ஆண்டு வருவாய் ஏழரை லட்சம் டாலரைத் தாண்டினால் பங்கு தர வேண்டும், பழைய உரிமம் இனி செல்லாது. ஆட்டக்காரர்கள் சந்தாவை ரத்து செய்தார்கள், எழுத்தாளர்கள் கூடிப் பேசினார்கள். அதே மாதம் 27-ஆம் தேதி கம்பெனி பின்வாங்கி, விதிகளின் அடிப்படைத் தொகுப்பைத் திரும்பப் பெற முடியாத பொது உரிமத்தில் விட்டுவிட்டது. கோமுகியில் விட்டது என்று எழுத ஆசைதான், ஆனால் ஹாஸ்ப்ரோ ஆபுத்திரன் இல்லை.

எங்கள் தாள் இப்போது அந்தப் பெண்ணின் கையெழுத்தில் இருக்கிறது. என் எழுத்தில் இருந்தது அடித்தல் திருத்தலாகிப் படிக்க முடியாமல் போனதால் அவளே புதிதாக எழுதி, பட்டறையில் கல்லுக்கு இடையே வைக்கும் அட்டையில் ஒட்டிக்கொண்டு வந்தாள். அடியில் இரண்டு வரி இடம் விட்டிருக்கிறாள். எதற்கு என்று கேட்டதற்கு, காவல்காரப் பையன் ஏதோ எழுதணும்னு சொன்னான் என்றாள். அடுத்த ஞாயிறு நடத்துனருக்கு ஷிப்ட். அதற்கடுத்த ஞாயிறுதான் கூடுகிறோம்.